முப்பத்திரண்டு பேரில் ஒருவர்: நகரசபையில் மகாத்மா பூலே

புனேயில் குடியிருக்கும் தமிழர்களில் மண்டயிக்குப் போகாதவர் இருக்க முடியாது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். மண்டைக்குப் போய்க் காய் வாங்கி வா என்றால் நம்மவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்! மராத்தியில் மண்டயி என்றால் காய்கறிச் சந்தை. இரண்டு மாதம் போனால் அவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மண்டயிக்குக் கிளம்பி விடுவார்கள்.

சுக்ரவார் பேட்டையில், நடுவே எண்கோணக் கோபுரம் உயர்ந்து நிற்கும் அந்தக் கல் கட்டடத்தின் முழுப்பெயர் மகாத்மா பூலே மண்டயி. சமீபத்தில் ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவை அங்கே அழைத்துப் போனேன். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, பூலே என்பவர் பெரிய காய்கறி வியாபாரியா, அல்லது இந்தச் சந்தையைக் கட்டிக் கொடுத்த தர்மவானா என்று கேட்டார்.

இரண்டும் இல்லை. இப்படி ஒரு சந்தைக்கு நகரசபைப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்று எதிர்த்தவர் அவர் என்றேன். சித்தப்பா நம்பவில்லை. எதிர்த்தவர் பெயரையா கட்டடத்துக்கு வைப்பார்கள் என்று கேட்டார்.

சித்தப்பா தென் மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நகராட்சி விவகாரம் என்றால் அவருக்குக் காது கூர்மையாகிவிடும். வீடு திரும்பும் வரை பஸ்ஸில் பூலேயின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பூலே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர், தாழ்த்தப்பட்டோருக்காகப் பாடுபட்டவர் என்று பலருக்கும் தெரியும். அவர் ஏழு ஆண்டுகள் புனே நகரசபை உறுப்பினராக இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கதை இது.

பூக்காரக் குடும்பம்

ஜோதிராவ் பூலே 1827-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் சதாரா பக்கத்துக் காட்குண் கிராமம். மாளி என்னும் தோட்டக்காரச் சமூகம். பாட்டனார் காலத்தில் பிழைப்புத் தேடிப் புனேக்கு வந்தார்கள். பேஷ்வா அரண்மனைக்குப் பூவும் மாலையும் கொடுத்து வந்ததால் பூலே என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மராத்தியில் பூல் என்றால் பூ. ஆக, பூலே குடும்பமும் நம்மைப் போல் வயிற்றுப்பாட்டுக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்த குடும்பம்தான்.

பால்குடி மறக்கும் முன்பே தாயை இழந்தார். தந்தை கோவிந்தராவ் மகனைச் சிறிது காலம் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பிறகு நிறுத்தித் தோட்ட வேலைக்குத் திருப்பி விட்டார். பையனின் அறிவைக் கண்ட இரண்டு அண்டை வீட்டார், ஒருவர் முஸ்லிம் முன்ஷி, மற்றவர் கிறிஸ்தவர், தந்தையிடம் பரிந்து பேசினார்கள். அதன் பலனாக 1841-ல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டே சாவித்திரிபாயுடன் திருமணம் நடந்துவிட்டது. அந்தக் காலத்து வழக்கப்படி சிறுவர் திருமணம்.

1848-ல் ஒரு பிராமண நண்பரின் கல்யாண ஊர்வலத்தில் கலந்துகொண்டபோது, சாதியைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டார். மனம் நொந்து வீட்டில் முடங்கிவிடவில்லை. அதே ஆண்டு புதவார் பேட்டையில் பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். அப்போது அவருக்கு வயது 21. தகடுசேட் கணபதி கோயிலுக்கு எதிரே அந்த இடத்தை இன்றும் பார்க்கலாம். பாழடைந்த பழைய கட்டடத்தை 2023 டிசம்பரில் இடித்தார்கள், நினைவுச் சின்னம் எழுப்புவதற்காக.

சொல்லிக் கொடுக்க ஆசிரியை கிடைக்கவில்லை. மனைவிக்கே எழுத்துக் கற்பித்து ஆசிரியை ஆக்கினார். தெருவில் நடந்து போன சாவித்திரிபாய் மீது சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். ஊராரின் நெருக்கடி தாங்காமல் தந்தையே மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு அனுப்பினார். இருவரும் துணிந்து வெளியேறினார்கள். கல்விப் பணியைக் கைவிடவில்லை. 1868-ல் தம் வீட்டுத் தண்ணீரைத் தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டார். கஞ்ச் பேட்டையில் உள்ள அந்த வீடு இப்போது தேசிய நினைவகம்.

காண்டிராக்டர் பூலே

சமூக சேவை சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

பூலே சம்பளத்துக்கு இருந்த ஊழியர் அல்ல. விவசாயம் செய்தார். வார்ப்பு வேலைக்கு வேண்டிய கருவிகளை விற்றார். கட்டட வேலைகளுக்குக் காண்டிராக்ட் எடுத்தார். 1870-களில் புனே அருகே முட்டா ஆற்றில் அணை கட்டியபோது அதற்குச் சாமான் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதுதான் கடக்வாஸ்லா அணை. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது. காத்ரஜ் சுரங்கப் பாதைக்கும் எரவாடா சிறைக்கும் கூலி ஆட்களை ஏற்பாடு செய்து கொடுத்தார்.

ஆகவே கல் என்ன விலை, சுண்ணாம்பு எத்தனை வண்டி, ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு மண் வெட்டுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. சர்க்கார் வேலையில் பணம் எந்தெந்தச் சந்தில் ஒழுகுகிறது என்பதும் தெரியும். ஓவர்சீயரும் குமாஸ்தாவும் கூலிக்காரனின் வயிற்றில் அடித்துப் பங்கு வாங்குவதைக் கண்ணால் கண்டார். 1873-ல் வெளிவந்த குலாம்கிரி என்ற நூலில் மராமத்து இலாகாவின் ஊழலைப் பாட்டாகவே எழுதி வைத்தார். அலுவலக நாற்காலிகள் பெரும்பாலும் ஒரே சாதியார் கையில் இருந்த காலம் அது. எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவனைச் சுரண்டுகிறான் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. குமாஸ்தா வேலை பார்க்கும் எனக்கு அதைப் படித்தபோது சுருக்கென்றது. நம் கையில் இருக்கும் பேனாவைப் பற்றித்தான் அவர் பேசுகிறார்.

அதே 1873-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி சத்திய சோதக் சமாஜம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். சத்திய சோதக் என்றால் உண்மையைத் தேடுகிறவர் என்று பொருள்.

நியமன உறுப்பினர்

1876-ம் ஆண்டு பூலே புனே நகரசபை உறுப்பினர் ஆனார். 1883 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ஓட்டு வாங்கி வந்த பதவி அல்ல. அந்நாளில் சர்க்காரே உறுப்பினர்களை நியமித்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள், பணக்காரர்கள், பென்ஷன் வாங்கிய அதிகாரிகள் ஆகியோரைப் பார்த்து நியமிப்பார்கள். உள்ளாட்சியில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் வெளியிட்டது 1882-ல்தான். சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு ரிப்பன் மாளிகை என்று பெயர் வைத்திருப்பது அவருடைய நினைவாகத்தான்.

நியமன உறுப்பினரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வைத்தவன் கையில் எடுக்கும் அதிகாரமும் இருக்கிறது. மேலிடத்துக்குப் பிடித்தமாக நடந்தால் ராவ் பகதூர் பட்டம் வரலாம், மகனுக்கு உத்தியோகம் கிடைக்கலாம். பூலேயோ சர்க்கார் வேலைகளில் காண்டிராக்ட் எடுத்துப் பிழைத்தவர். மேலதிகாரி முகம் சுளித்தால் அடுத்த காண்டிராக்ட் போய்விடும். கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கிவிட்டு வாயை மூடிக்கொள்ள மற்றவர்களைவிட அவருக்குத்தான் காரணம் அதிகம்.

அவர் உள்ளே போன நேரமும் கெட்ட நேரம். 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் சென்னை ராஜதானியையும் ஒரே பஞ்சம் வாட்டியது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி நடுங்குவார்களே, அதே பஞ்சம்தான். கிராமத்து ஜனங்கள் எலும்பும் தோலுமாகப் பட்டணங்களுக்கு வந்து விழுந்தார்கள். பூலேயும் சத்திய சோதக் நண்பர்களும் புனேக்கு அருகே தனகவடியில் பஞ்சத்தில் அடிபட்ட குழந்தைகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்தார்கள். வைஸ்ராய் லிட்டன் பிரபுவோ, பஞ்சம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்த 1877 ஜனவரி முதல் தேதியன்று, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பாரை டில்லியில் கோலாகலமாக நடத்தினார்.

ஆயிரம் ரூபாய்

அந்த லிட்டன் பிரபுதான் பிறகு பூலேயின் கணக்கில் வந்து சேர்ந்தார்.

1880-ம் ஆண்டு. வைஸ்ராய் விஜயத்தை ஒட்டி அவரை வரவேற்க நகரசபைப் பணத்தில் 1000 ரூபாய் செலவு செய்யவேண்டும் என்று சபையில் தீர்மானம் வந்தது. வைஸ்ராய்க்கு மரியாதை செய்வதை யார் வேண்டாம் என்பார்கள்? பணம் பெரிதாகத் தெரியலாம், ஆனால் போகப் போவது தங்கள் பையிலிருந்து அல்லவே.

பூலே எழுந்தார். இந்த ஆயிரம் ரூபாயை ஊரில் உள்ள ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டால் பிரயோஜனம் உண்டு, வரவேற்புக்குச் செலவிடுவதில் ஊருக்கு என்ன நன்மை என்பது அவருடைய வாதம். தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டது. முப்பத்திரண்டு உறுப்பினர்களில் எதிர்த்து ஓட்டளித்தவர் ஒரே ஒருவர். தீர்மானம் நிறைவேறியது. பணம் செலவானது.

அப்படியானால் பூலே தோற்றார் என்றுதானே அர்த்தம் என்று சித்தப்பா கேட்டார். ஓட்டுக் கணக்கில் தோற்றார். ஆனால் அந்த ஒரு ஓட்டு இல்லாதிருந்தால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி முடித்திருப்பார்கள். ஊர்ப் பணத்தைக் கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லை என்று ஆகியிருக்கும். அந்த ஒரு வார்த்தையை எழுத விடாமல் அவர் தடுத்தார். எதிர்ப்பு ஒன்று என்று பதிவானதால்தான் நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாராயக் கடைகள்

அதே 1880-ம் ஆண்டு ஜூலையில் பூலே ஒரு கடிதம் எழுதினார். நகரசபையின் நிர்வாகக் கமிட்டித் தலைவர் பிளங்கெட் என்ற ஆங்கிலேயருக்கு எழுதியது.

ஊருக்குள் சாராயக் கடைகள் பெருகி வந்தன. முன்பு ஒரு கோடியில் இருந்த கடை, தெருவுக்குத் தெரு வந்துகொண்டிருந்தது. கடை வைக்க அனுமதிப்பதில் சர்க்காருக்கு வருமானம். மக்களின் ஆரோக்கியத்துக்காக நகரசபை சுகாதாரப் பகுதி வைத்துப் பணம் செலவழிக்கிறது. அதே ஊரில் குடியைப் பரப்பினால் அந்தச் செலவுக்கு என்ன பொருள் என்று பூலே வாதாடினார். குடியினால் குடும்பங்கள் நாசமாவதை எடுத்துச் சொல்லி, நகரசபை இதில் தலையிடவேண்டும் என்று கேட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடி தீமை என்று மேடையில் பேசுவது எளிது. பூலே அதைக் கணக்காகப் பார்த்தார். ஒரு கையால் வருமானம், மறு கையால் செலவு. நடுவே நசுங்குவது கூலிக்காரனின் வீடு. தொழில் தெரிந்தவர் நிர்வாகத்தில் இருந்தால் நல்லெண்ணம்கூட வரவு செலவுக் கணக்காகப் பேசும்.

மூன்று லட்ச ரூபாய்ச் சந்தை

இப்போது நம் மண்டயிக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் புனேயின் காய்கறிச் சந்தை சனிவார் வாடாவுக்கு எதிரே திறந்த வெளியில் கூடியது. மழையிலும் வெயிலிலும் தரையில் சாக்கு விரித்து வியாபாரம். அதற்குப் பதில் பெரிய சந்தைக் கட்டடம் கட்டவேண்டும் என்று நகரசபையில் யோசனை எழுந்தது. செலவு சுமார் 3 லட்ச ரூபாய். அன்றைய மூன்று லட்சம்!

பூலேயும் அவருடைய நண்பர் ஹரி ராவ்ஜி சிப்லூண்கரும் எதிர்த்தார்கள். ஆரம்பப் பள்ளிகளுக்குப் பணம் இல்லை என்று கையை விரிக்கும் நகரசபை, கோபுரம் வைத்த சந்தைக்கு லட்சக்கணக்கில் கொட்டலாமா என்பது அவர்களுடைய கேள்வி. இந்த முறையும் பூலே பக்கம் தோற்றது. கட்டடம் எழும்பியது. 1886-ல் திறந்தார்கள். பம்பாய் கவர்னர் ரே பிரபுவின் பெயரால் ரே மார்க்கெட் என்று பெயரிட்டார்கள்.

உண்மையைச் சொல்லவேண்டும். சந்தை வீணாகப் போகவில்லை. இன்றுவரை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பும் நிழலும் தந்து வருகிறது. அப்படியானால் பூலே சொன்னது தவறா?

தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தையே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எது முதலில் என்று கேட்டார். வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டாமல், வாசலுக்குப் பெரிய இரும்புக் கதவு போடுகிற அப்பனை நாம் மெச்சுவோமா? கதவு உபயோகமான பொருள்தான். ஆனால் பிள்ளையின் வயது காத்திருக்காது. அதோடு இன்னொன்று. காய்கறி விளைவிப்பவர்களிலும் விற்பவர்களிலும் பூலேயின் சொந்தச் சமூகத்தார் பலர் இருந்தார்கள். நம்மவர்களுக்குக் கட்டடம் வருகிறது என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

கமிஷன் முன்னால்

1882-ல் கல்வி நிலையை ஆராய ஹண்டர் கமிஷன் வந்தது. அக்டோபரில் பூலே ஒரு மனு கொடுத்தார். அதில் தம்மை வியாபாரி, விவசாயி, நகரசபை உறுப்பினர் என்று மூன்று விதமாகக் குறிப்பிட்டார். பள்ளிகளை நிறுவியவர் என்ற பெருமை இருந்தும், நகரசபைப் பதவியையும் தம் தொழில்களோடு ஒரு தொழிலாக வைத்து எழுதினார். அலங்காரப் பதவியாக அதை அவர் நினைக்கவில்லை என்பதற்கு இதுவே அடையாளம்.

மனுவின் சாரம் இதுதான்: சர்க்காரின் வருமானத்தில் பெரும் பகுதி உழுகிறவனின் வியர்வையிலிருந்து வருகிறது. அந்தப் பணமோ மேல்தட்டுப் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் போகிறது. ஆகவே பன்னிரண்டு வயது வரை ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கவேண்டும். ஆசிரியருக்கு மரியாதையாக வாழும் அளவு சம்பளம் தரவேண்டும்.

வைஸ்ராய் வரவேற்பு, சாராயக் கடை, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் பூலே கேட்டது ஒரே கேள்விதான். இந்தப் பணம் யாருடையது, யாருக்குப் போகிறது? நகரசபையில் உட்கார்ந்து தீர்மானத்துக்குக் கை தூக்குகிறவரும், மேசையில் உட்கார்ந்து பில்லுக்குக் கையெழுத்துப் போடுகிறவரும் நாள்தோறும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

குடியானவன் உடையில்

பதவி போன பிறகும் பூலே மாறவில்லை. 1888 மார்ச்சில் விக்டோரியா ராணியின் மகன் கன்னாட் கோமகனுக்கு சிப்லூண்கர் புனேயில் ஒரு விருந்து கொடுத்தார். வந்தவர்கள் எல்லாம் பட்டும் நகையுமாக வந்தார்கள். பூலே சாதாரணக் குடியானவன் உடையில் போனார். வாசல் காவலன் உள்ளே விடவில்லை. சிப்லூண்கர் ஓடி வந்து அழைத்துப் போனார்.

பேச எழுந்த பூலே, இங்கே மின்னும் நகைகளைப் பார்த்து இந்தியா சுகமாக இருக்கிறது என்று ராணியாரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கோமகனைக் கேட்டுக்கொண்டார். உண்மையான குடிமக்களைப் பார்க்கக் கிராமங்களுக்குப் போகவேண்டும், அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்க வழி செய்யவேண்டும் என்றார். சபையில் சிலருக்கு முகம் கறுத்தது.

அதே ஆண்டு மே 11-ந் தேதி பம்பாயில் மாண்ட்வி கோளிவாடாவில் கூடிய மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். சர்க்கார் கொடுத்த ராவ் பகதூர் பட்டங்கள் பலவற்றை ஊர் மறந்துவிட்டது. ஜனங்கள் கொடுத்த பட்டம் நிலைத்துவிட்டது.

அவருடைய சமாஜத் தோழர் நாராயண் மேகாஜி லோகாண்டே பம்பாய் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்துப் போராடினார். 1890-ல் மில்களில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இன்று ஞாயிறு காலையில் நாம் நிதானமாக மண்டயிக்குப் போக முடிகிறதே, அதன் பின்னால் இவர்களுடைய உழைப்பும் இருக்கிறது.

கடைசி நாட்கள்

1888-லேயே பூலேயைப் பக்கவாதம் தாக்கி வலது பக்கம் செயலற்றுப் போயிற்று. இடது கையால் எழுதிக் கடைசி நூலை முடித்தார். அது அவர் இறந்த பிறகு 1891-ல் வெளிவந்தது. கடைசி நாட்களில் கையில் காசு இல்லை. அணை வேலைக்குச் சாமான் கொடுத்த காண்டிராக்டர், ஏழு ஆண்டு நகரசபை உறுப்பினர், நோயில் படுத்தபோது கடனும் கஷ்டமுமாக இருந்தார். பதவியில் இருந்தபோது அவர் பணம் சேர்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1890-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி பூலே காலமானார். சாவித்திரிபாய் சேவையைத் தொடர்ந்தார். 1897-ல் புனேயில் பிளேக் பரவியபோது, நோயாளிகளுக்குப் பணி செய்து அதே நோயில் மார்ச் 10-ந் தேதி உயிர் விட்டார்.

பெயர் வந்த கதை

ரே மார்க்கெட் எப்படி பூலே மண்டயி ஆயிற்று? புனே நகரசபையில் பிற்காலத்தில் உறுப்பினராக இருந்தவர் புகழ்பெற்ற மராத்தி எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரே. 1938 வாக்கில், கவர்னரின் பெயரை எடுத்துவிட்டுப் பூலேயின் பெயரை வைக்க முயற்சி எடுத்து வென்றவர் அவர்தான். பின்னால் பூலேயின் வாழ்க்கையை அவரே திரைப்படமாகவும் எடுத்தார். 1954-ல் வெளிவந்த அந்தப் படத்துக்குத் தேசிய விருதாக ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

ஒரு தனி ஓட்டைத் தள்ளிவிட்ட அதே நகரசபை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவர் எதிர்த்த கட்டடத்துக்கே அவர் பெயரை வைத்தது. தன் தவற்றை நகரசபை ஒப்புக்கொண்டது என்று சொல்லமாட்டேன். நாணயமாக எதிர்த்தவர் ஊருக்கு எதிரி அல்ல என்று ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. 1917-ல் ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவரானார். அதே காலத்தையொட்டி பெரியார் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்து குடிதண்ணீருக்கு வழி செய்தார். புனே நகரசபைக்குப் பிற்காலத்தில் தலைவராக இருந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. கருத்தில் வெவ்வேறு துருவமாக நின்றவர்கள்கூட, குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் பார்க்கும் வேலையைச் சின்ன வேலை என்று நினைக்கவில்லை. மனிதனின் நாணயத்தை உரைத்துப் பார்க்கும் கல் அங்கேதான் இருக்கிறது. அங்கே கணக்கு சின்னது, கண்காணிப்புக் குறைவு, கேட்பவர் இல்லை.

சித்தப்பா சொன்னது

பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வந்தபோது சித்தப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் சொன்னார்.

அவர் வேலை பார்த்த ஊருக்கு ஒருமுறை ஒரு பிரமுகர் வந்தாராம். வரவேற்பு வளைவும் விளக்குமாக நகராட்சி செலவு செய்தது. அந்தச் செலவை வேறு தலைப்பில், ரோடு பராமரிப்பு என்று எழுதச் சொன்னார்கள். சித்தப்பாதான் வவுச்சர் எழுதினார். அந்தக் கோடையில் ஒரு தெருவின் குழாய்க் கிணற்று மோட்டார் பழுதாகிக் கிடந்தது. நிதி இல்லை என்று பதில் எழுதியதும் அவர்தான். அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றதை இன்னும் மறக்கவில்லை என்றார். எழுதமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதிகம் போனால் வேறு செக்‌ஷனுக்கு மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான் என்றும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நம்மில் உறுப்பினர்கள் அதிகம் இல்லை. குமாஸ்தாக்கள் உண்டு, தொழிலாளிகள் உண்டு, ஓட்டுச் சீட்டில் பெயர் உள்ளவர்கள் உண்டு. நம் பேட்டைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், நம்மவரா, எத்தனை தருவார் என்று பார்ப்பதை விட்டு, வார்டுப் பணம் எதில் போயிற்று என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பதில் வராவிட்டாலும் கேட்டது பதிவாகும்.

சித்தப்பா ஊருக்குத் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை, மறுபடி மண்டயிக்குப் போகவேண்டும் என்றார். முருங்கைக்காய் வாங்க என்று நினைத்தேன். காய் எதுவும் வாங்கவில்லை. எண்கோணக் கோபுரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பெயர்ப் பலகைக்குக் கீழே சற்று நேரம் நின்றார். பிறகு ரயிலுக்கு நேரமாகிறது, போகலாம் என்றார்.